150 பார், 25 லீற்றர்: ஒரு சிறு பெக்கோவின் வரவு செலவு

நீளம் 40 மீற்றர், அகலம் 0.6 மீற்றர், ஆழம் 0.9 மீற்றர். ஒரு வீட்டின் அத்திவாரத்துக்கு இவ்வளவு கான் வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எடுக்க வேண்டிய மண் 21.6 கன மீற்றர். மண்ணையும் மணலையும் கியூப்பில் அளப்பவர்களுக்கு, 100 கன அடி ஒரு கியூப், அதாவது 2.83 கன மீற்றர்; ஆகவே வேலை 7.63 கியூப். உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய சிறு பெக்கோவின் பக்கெட் 30 லீற்றர் கொள்ளும். ஒரு சுற்றுக்கு 30 செக்கன் என்றால் மணிக்கு 120 சுற்று, 3.6 கன மீற்றர். வேலை 6 மணித்தியாலத்தில் முடியும். ஹைட்ரோலிக் ஒயிலின் ஓட்டம் 20 சதவீதம் குறைந்தால், சுற்றில் சிலிண்டர்கள் நகரும் 20 செக்கன் 25 செக்கனாகும். ஒரு சுற்று 35 செக்கன். மணிக்கு 103 சுற்று. அதே கானுக்கு 7 மணித்தியாலம். (வெட்டிய மண் உதிர்ந்து பெருகுவதை இரு கணக்கிலும் சேர்க்கவில்லை.)

கூடிய அந்த ஒரு மணித்தியாலத்தின் டீசல் 3 லீற்றர் என்று கொள்வோம். 2021 டிசம்பரில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. நட்டம் 363 ரூபா. 2022 ஜூன் 26-இல் லீற்றர் 460 ரூபா; நட்டம் 1,380 ரூபா. 2024 செப்டெம்பர் 30-இல் அறிவித்த விலை 283 ரூபா; நட்டம் 849 ரூபா. மண் ஏற்றக் காத்து நிற்கும் லொறியின் வாடகையும் ஒப்பரேட்டரின் கூலியும் இதற்கு வெளியே. வேலை நாள் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப வரும் செலவு இது என்பதால்தான் பழுதைத் தேடுவதற்கே ஒரு கணக்கு தேவைப்படுகிறது.

இந்தக் கணக்கின் களம் கெலிஓயா: கண்டி–கம்பளை வீதியில், மகாவலியை ஒட்டிய உடுநுவரப் பகுதி. வீதியை விட்டு விலகினால் சரிவு. 10 பேர்ச்சஸ் காணி 253 சதுர மீற்றர். அதற்குப் போகும் பாதை 8 அடி, அதாவது 2.44 மீற்றர் என்றால், ஏழரைத் தொன் அளவிலான பெரிய பெக்கோ லோடர் உள்ளே போய்த் திரும்பிவர இடமில்லை. 25 குதிரைவலு அளவிலான சிறு இயந்திரத்துக்கு அங்கேதான் வேலை. இனி வரும் கணக்குகளுக்கு ஒரு மாதிரி இயந்திரத்தை எடுத்துக்கொள்கிறேன்: பம்ப் நிமிடத்துக்கு 25 லீற்றர், ரிலீஃப் வால்வு 150 பார் (2,175 பிஎஸ்ஐ), சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீற்றர், தண்டின் விட்டம் 40 மில்லிமீற்றர், நகர்வு 500 மில்லிமீற்றர், தாங்கியில் 30 லீற்றர் ஒயில். வேறு இயந்திரம் வைத்திருப்பவர் தன் கைநூலில் உள்ள எண்களை இவற்றுக்குப் பதிலாக இட்டுக்கொள்ளலாம்.

பாரில் அழுத்தம், நிமிடத்துக்கு லீற்றரில் ஓட்டம். இரண்டையும் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாற்று. 150 × 25 ÷ 600 = 6.25 கிலோவாற்று, அதாவது 8.4 குதிரைவலு. பெக்கோவின் பழுது என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தப் பெருக்கலின் இரண்டு எண்களில் ஒன்று குறைவதுதான். எது குறைகிறது என்பதை அறிகுறியே சொல்லிவிடும். 70 மில்லிமீற்றர் சிலிண்டரின் பரப்பு 38.5 சதுர சென்ரிமீற்றர். 150 பாரில் தள்ளுவிசை 57.7 கிலோநியூட்டன், ஏறக்குறைய 5,890 கிலோகிராம் எடைக்குச் சமம். அழுத்தம் 120 பாராக இறங்கினால் அது 4,710 கிலோகிராம். வெறும் பக்கெட் வழக்கமான வேகத்தில் ஏறி இறங்கும்; கல்லோ வேரோ தட்டும் இடத்தில் நின்றுவிடும். ஓட்டம் குறைந்தாலோ கல் பெயரும், ஆனால் மெதுவாகப் பெயரும். பலம் குறைவு அழுத்தத்தின் குறை. வேகம் குறைவு ஓட்டத்தின் குறை. இதைப் பிரிக்காமல் பம்பைக் கழற்றுகிறவர், மதிப்பில் மிகப் பெரிய உதிரிப்பாகத்தின் மீது பந்தயம் கட்டுகிறார்.

ஓட்டத்தை அளக்கக் கைபேசியின் நிறுத்து கடிகாரம் போதும். தண்டு முழுதாக வெளிவர 1.92 லீற்றர் வேண்டும், 4.6 செக்கன், உள்ளே போக 1.30 லீற்றர், 3.1 செக்கன். ஒரு தடவை அளந்தால் கை தாமதிக்கும் 0.3 செக்கனே 6.5 சதவீதப் பிழை. 10 தடவை தொடர்ச்சியாக வெளியேற்றி உள்ளிழுத்தால் மொத்தம் 77 செக்கன், அதே 0.3 செக்கன் இப்போது 0.4 சதவீதம். அளக்கும்போது எஞ்சின் வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கியர் பம்பின் ஓட்டம் சுழற்சிக்கு நேர்விகிதம்: 2,600 சுழற்சியில் 25 லீற்றர் தரும் பம்ப் 2,000 சுழற்சியில் 19.2 லீற்றர்தான் தரும். இது 23 சதவீதக் குறைவு. தொடக்கத்தில் சொன்ன 20 சதவீத நோயை விடவும் கூடுதல். டீசல் விலை ஏறிய பிறகு திரொட்டிலைத் தாழ்த்தி ஓட்டும் பழக்கத்தை ‘பம்ப் போய்விட்டது’ என்று வாசிப்பதற்கு இந்த ஒரு எண் போதுமான எச்சரிக்கை.

அடுத்தது ஒயில் மட்டம். ஒரு தண்டு முழுதாக வெளியே வரும்போது தாங்கியிலிருந்து நிகரமாக வெளியேறுவது தண்டின் கனவளவு, 0.63 லீற்றர். அதே அளவான நான்கு சிலிண்டர்களும் நீண்டிருந்தால் 2.5 லீற்றர், தாங்கியில் 8 சதவீதம். ஆகவே கைநூல் சொல்லும் நிலையில் பெக்கோவை வைக்காமல் அளவுகோலைப் பார்த்தால், இல்லாத குறையை நிரப்பிவிட நேரும். சரிவு இன்னொரு கணக்கு. தாங்கியின் நீளம் 600 மில்லிமீற்றர், இயந்திரம் 15 பாகை சாய்ந்து நிற்கிறது என்றால், மேல்முனையில் ஒயில் மட்டம் 80 மில்லிமீற்றர் இறங்கும். 10 பாகையில் 53 மில்லிமீற்றர். உறிஞ்சும் வாய் அந்த முனையில் இருந்தால், சமதளத்தில் ‘போதும்’ என்று காட்டிய மட்டம் மேட்டில் போதாது. சமதள வயலில் ஒழுங்காக வேலை செய்த இயந்திரம் உடுநுவரச் சரிவில் இரைச்சலிடுவதை விளங்கிக்கொள்ள வேறு மர்மம் வேண்டியதில்லை.

அந்த இரைச்சல் காற்று. 150 பாரில் தூய ஒயில் ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும், 1.92 லீற்றரில் 19 மில்லிலீற்றர், தண்டின் நகர்வில் 5 மில்லிமீற்றர். ஒயிலில் 5 சதவீதம் காற்று கலந்திருந்தால் அந்தக் காற்று முழுவதும் ஒன்றுமில்லாததுபோல் நசுங்கிவிடும். மொத்தச் சுருக்கம் 6 சதவீதம், 115 மில்லிலீற்றர், 30 மில்லிமீற்றர். லீவரைத் தள்ளியும் பக்கெட் பஞ்சில் அழுத்தியதுபோல் தயங்குவது இந்த 25 மில்லிமீற்றர் வித்தியாசம்தான். காற்று நுழையும் இடம் பெரும்பாலும் உறிஞ்சு ஹோஸ். அங்கே ஒயில் வெளியே கசிவதில்லை, காற்று உள்ளே போகிறது, அதனால் கண்ணுக்குப் படுவதில்லை. ஹோஸின் அளவும் கவனிக்கத் தக்கது. 25 மில்லிமீற்றர் உள்விட்டத்தில் நிமிடத்துக்கு 25 லீற்றர் செல்லும் வேகம் செக்கனுக்கு 0.85 மீற்றர். கையில் கிடைத்தது என்று 19 மில்லிமீற்றர் ஹோஸைப் பூட்டினால் 1.47 மீற்றர். சீரான ஓட்டத்தில் அழுத்த இழப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். ஆகவே இழப்பு 3 மடங்கு. காலையில் ஒயில் தடிப்பாக இருக்கும்போது முனகி, சூடேறியதும் அடங்கும் பம்ப் பெரும்பாலும் தேய்ந்த பம்ப் அல்ல, மூச்சுத் திணறும் பம்ப்.

இதற்கு நேர்மாறான அறிகுறிதான் பம்பைச் சந்தேகிக்கத் தகுந்தது: காலையில் பலம், பகலில் சோர்வு. ஐஎஸ்ஓ 46 தர ஒயிலின் பாகுத்தன்மை 40 பாகை செல்சியஸில் 46 சென்டிஸ்டோக். வழமையான கனிம ஒயிலில் இது 25 பாகையில் ஏறக்குறைய 99, 80 பாகையில் ஏறக்குறைய 11. பம்பின் உட்கசிவு பாகுத்தன்மைக்கு எதிர்விகிதம் என்பதால், அதே அழுத்தத்தில், அதே பம்பில், கசிவு 9 மடங்காகிறது. 25 பாகையில் நிமிடத்துக்கு 1 லீற்றர் உள்ளே கசியும் பம்ப், சிலிண்டருக்கு 24 லீற்றர் தரும், தண்டு 4.8 செக்கனில் வெளிவரும். 80 பாகையில் 9 லீற்றர் கசிந்து 16 லீற்றர் மிஞ்சும், 7.2 செக்கன். காலை எட்டு மணிக்கு அளந்தவருக்கும் பகல் இரண்டு மணிக்கு அளந்தவருக்கும் இடையே வாக்குவாதம் வந்தால் இருவர் எண்களும் சரியாகவே இருக்கக்கூடும். வெப்பநிலை எழுதப்படாத அளவீடு பாதி அளவீடு. தேய்மானமும் இதே கசிவில்தான் பேசும்: கசிவு இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதம். 25 மைக்ரோன் இடைவெளி 30 மைக்ரோனாகத் தேய்ந்தால், இடைவெளி கூடியது 20 சதவீதம், கசிவு கூடுவது 73 சதவீதம். 50 மைக்ரோனானால் 8 மடங்கு.

கண்டியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 25 பாகையை ஒட்டியது. ஒயில் எப்படி 80-ஐ எட்டுகிறது? ரிலீஃப் வால்வு வழியே 150 பாரில் திரும்பும் ஒயில் வேலை எதுவும் செய்யாமல் திரும்புவதால், 6.25 கிலோவாற்று முழுவதும் வெப்பமாகிறது. ஒவ்வொரு பாருக்கும் 0.06 பாகை, ஒரு தடவை கடக்க 9 பாகை. 30 லீற்றர் ஒயில் ஏறக்குறைய 26 கிலோகிராம். வெப்பம் வெளியேறாது என்று கொண்டால் நிமிடத்துக்கு 7.5 பாகை ஏறும். தண்டு எல்லையைத் தொட்ட பிறகும், அல்லது அசையாத கல்லின் மீதும், லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்கும் ஒப்பரேட்டர் நாள் முழுவதிலும் சேர்த்து 7 நிமிடம் அப்படிப் பிடித்தால் 50 பாகைக்கு மேல் ஒயிலுக்குள் ஊற்றிவிடுகிறார். நடைமுறையில் தாங்கியின் சுவர் ஒரு பங்கை வெளியே விடும். ஆனாலும் திசை அதுதான். 82 பாகைக்கு மேல் சீல்கள் விரைவாகக் கெடும் என்பது துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை.

தடித்த ஒயில் ஊற்றினால் என்ன? 68 தர ஒயில் 80 பாகையில் 15 சென்டிஸ்டோக்கை ஒட்டி இருக்கும். கசிவு ஏறக்குறைய கால் பங்கு குறைந்து 9 லீற்றர் 7 லீற்றருக்குச் சற்றுக் கீழே வரும். தனித் தாங்கியும் தனி பம்பும் உள்ள பெக்கோவில் இது சில மாதங்களை வாங்கித் தரலாம். கியர்பெட்டி ஒயிலையே ஹைட்ரோலிக்குக்கும் பயன்படுத்தும் சிறு உழவு இயந்திரங்களில் செய்யவே கூடாது. ஒயிலில் நனைந்தே இயங்கும் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் வேண்டிய சேர்மானங்கள் வெறும் ஹைட்ரோலிக் ஒயிலில் இல்லை.

ஸ்டெபிலைசர் கால் தானாக அமிழ்வது பம்பின் மேல் போடப்படும் இன்னொரு பழி. 10 நிமிடத்தில் தண்டு 50 மில்லிமீற்றர் உள்ளே போனால், இடம் மாறிய ஒயில் 192 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 19. பம்பின் 25,000 மில்லிலீற்றரோடு ஒப்பிட்டால் 1,300-இல் ஒரு பங்கு. தவிர, லீவர் நடுவில் இருக்கும்போது பம்ப் அந்தச் சிலிண்டரோடு தொடர்பிலேயே இல்லை. பிஸ்டன் சீல்தான் காரணம் என்று உடனே சொல்வதற்கும் கணக்கு தடை போடுகிறது. இரு வாய்களும் இறுக அடைபட்டிருந்தால், சீல் கிழிந்திருந்தாலும் உள்ளே வரும் தண்டுக்கு இடம் வேண்டும். ஒயில் அந்த இடத்தை விடாது. 1 தொன் சுமையில் பிஸ்டன் முழுப்பரப்பின் மீது இருந்த 25.5 பார், தண்டின் 12.6 சதுர சென்ரிமீற்றரின் மீது 78 பாராக ஏறி அங்கேயே நிற்கும். கால் தொடர்ந்து அமிழ்கிறது என்றால் ஒயில் எங்கேயோ வெளியேறுகிறது: வால்வின் ஸ்பூல் வழியாக, பூட்டு வால்வு இருந்தால் அதன் வழியாக. சீல் கிழிந்திருப்பது அந்த 78 பாரை உருவாக்கி, ஸ்பூலின் கசிவை 3 மடங்காக்கும். இரண்டும் சேர்ந்து கெடுவதும் உண்டு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஆகக் கூடிய உயிரிழப்பு கண்டி மாவட்டத்தில். மண்ணை அள்ள இயந்திரங்கள் தேவைப்பட்ட அதே நாட்களில் வெள்ளத்தில் நிற்க நேர்ந்த இயந்திரங்களுக்கு இந்தப் பத்தி. ஒயில் பால்போல் வெளிறித் தெரிந்தால் நீர் ஏறக்குறைய 0.1 சதவீதத்தைத் தாண்டிவிட்டது எனலாம். 30 லீற்றரில் அது வெறும் 30 மில்லிலீற்றர். மாதிரி இயந்திரத்தில் தாங்கியோடு சிலிண்டர்களில் நிற்பதையும் சேர்த்தால் ஒயில் 35.2 லீற்றர். இதில் 3 சதவீதம், அதாவது ஒரு லீற்றருக்குச் சற்று மேல், நீர் புகுந்தது என்போம். தண்டுகள் நீண்ட நிலையில் வடித்தால் 27.5 லீற்றர் வெளியே வரும், 7.7 லீற்றர், 22 சதவீதம், உள்ளே தங்கும். புது ஒயில் ஊற்றி எல்லாச் சிலிண்டர்களையும் ஓட்டிக் கலந்தால் நீர் 0.66 சதவீதம், இரண்டாம் மாற்றில் 0.14, மூன்றாம் மாற்றில்தான் 0.03. செலவான ஒயில் 82.5 லீற்றர். தண்டுகளை முழுதாக உள்ளிழுத்து வடித்தால் 30 லீற்றர் வரும், தங்குவது 5.2 லீற்றர், 15 சதவீதம். முதல் மாற்றில் 0.44, இரண்டாவதில் 0.07. ஒயில் 60 லீற்றர். லீவர்களைச் சில செக்கன் இழுத்ததன் மிச்சம் 22.5 லீற்றரும் ஒரு நாள் வேலையும். ஹோஸ்களில் நிற்பதையும் இடுக்குகளில் ஒட்டும் நீரையும் சேர்த்தால் எண்கள் சற்று மோசமாகும், வரிசை மாறாது.

ஃபில்டரில் ஒரு எண் போதும், பீட்டா விகிதம். பீட்டா 2 என்றால், குறித்த அளவான 1,00,000 துகள்களில் 50,000 கடந்து போகும்; பீட்டா 75-இல் 1,333; பீட்டா 200-இல் 500. மரை பொருந்துவதால் பூட்டப்படும் மலிவான ஃபில்டருக்கும் உரிய ஃபில்டருக்கும் இடையே 100 மடங்கு வித்தியாசம் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் எல்லை ஏறக்குறைய 40 மைக்ரோன். மேலே சொன்ன பம்ப் இடைவெளிகளைத் தேய்ப்பவை அதற்குக் கீழே உள்ளவை. பெட்டியின் மீது அந்த எண் அச்சிடப்படாவிட்டால் எதை வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்குகிறோம்.

வெளிக்கசிவைப் பொறுத்துக்கொள்வது வழக்கம். தரையில் ஒரு சிரட்டையை வைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். செக்கனுக்கு 1 சொட்டு, சொட்டு 0.05 மில்லிலீற்றர்: மணிக்கு 180 மில்லிலீற்றர், 8 மணி வேலை நாளில் 1.44 லீற்றர், மாதத்தில் 25 வேலை நாளென்றால் 36 லீற்றர். ஒரு தாங்கி நிறைய ஒயிலும் மேலே 6 லீற்றரும். கான்கள் வழியே அது சேரும் இடம் மகாவலி.

இவ்வளவுக்கும் பிறகே பம்ப் மாற்றும் பேச்சு. 100 டொலர் மதிப்புள்ள ஓர் உதிரிப்பாகம் 2022 தொடக்கத்தில், டொலர் சுமார் 200 ரூபாவாகவும் வற் வரி 8 சதவீதமாகவும் இருந்தபோது, 21,600 ரூபா. அந்த ஆண்டின் இறுதியில் டொலர் சுமார் 363, வற் 15 சதவீதம்: 41,745 ரூபா. 2024 இறுதியில் டொலர் சுமார் 293, வற் 18 சதவீதம்: 34,574 ரூபா. ரூபா மீண்ட பிறகும் 60 சதவீதம் கூடுதல். சுங்கமும் வியாபாரியின் இலாபமும் இதில் இல்லை. அவை எல்லா ஆண்டுகளிலும் விலையை ஏற்றும். 0–250 பார் அழுத்தமானி ஒன்றும் அதைப் பூட்ட ஒரு ‘டி’ இணைப்பும் எந்த ஆண்டிலும் பம்பின் விலையில் சிறு பின்னமே. அதை வாங்காமல் பம்பை வாங்குவதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

மானி 120 பார் காட்டினால் ரிலீஃப் வால்வின் திருகை முறுக்கக் கை போகும். வால்வு ஆசனத்தில் தூசு சிக்கியிருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பார்த்துவிட்டு, கைநூலின் 150 வரை கொண்டுவருவது திருத்தம். இன்னும் பலம் வேண்டும் என்று 180-க்கு ஏற்றுவது வேறு விடயம். அரை அங்குல, ஒற்றைக் கம்பிப் பின்னல் ஹோஸின் அனுமதித்த அழுத்தம் 160 பார். இரட்டைப் பின்னலில் 275 பார். பழைய ஹோஸ் ஒற்றைப் பின்னல் என்றால் 180 பார் அதன் எல்லைக்கு 12.5 சதவீதம் மேல். நான்கு மடங்கு வெடிப்பளவு வைத்துத்தான் செய்கிறார்கள். அந்தக் காப்பு புது ஹோஸுக்கு, வெயிலிலும் சேற்றிலும் ஐந்தாண்டு வளைந்த ஹோஸுக்கு அல்ல. ஊசித்துளையால் பீறும் ஒயில் 7 பாரிலேயே தோலைத் துளைக்கக்கூடும். ரிலீஃப் அழுத்தம் அதற்கு 21 மடங்கு. எனவே கசிவைத் தேட விரலைக் கொண்டுபோகக் கூடாது, ஒரு துண்டு அட்டை போதும். துளைத்துவிட்டால் வெளியே தெரிவது சிறு புள்ளி, வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் உள்ளே போன ஒயிலை அறுவைச் சிகிச்சையால்தான் எடுக்க வேண்டும். கட்டுப் போட்டுவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இராமல், கெலிஓயாக்காரர் அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். எந்த ஒயில், எத்தனை பார் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.